எதிர்க்கரையில் கடுக்காய்ப்பட்டு

செழியன் சென்னையில் ஐந்து வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன். ஐந்து வருஷமும் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த செல்போன் திரையைப் பார்த்தே ஓட்டினான். அது வலது என்றால் வலது, இடது என்றால் இடது. ஒருநாள்கூட ஜன்னலை இறக்கி யாரிடமும் வழி கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். வழி தெரியாத டிரைவரைப் பின்சீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்பது அவன் அனுபவம்.

கல்யாணம் ஆனதும் சொந்த ஊரான களமருதூருக்கே திரும்பிவிட்டான். ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆம்புலன்ஸில் வேலை கிடைத்தது. முதலில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் போட்டிருந்தார்கள். அங்கேயும் வண்டியில் திரை இருந்தது, திரை சொன்ன இடத்தில் ஊர் இருந்தது. ஐப்பசி பிறந்ததும் கச்சிராயபாளையத்துக்கு மாற்றினார்கள். கல்வராயன் மலை ஏறுகிற பாதையின் அடிவாரம் அது. அங்கே வந்து அவனுக்குப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. மதியம் இரண்டு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மலைமேல் கடுக்காய்ப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். ராணியம்மாள் என்கிற நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை, மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. கடித்து அரைமணி நேரம் ஆகிறது. புருஷன் வீரமுத்து ஊருக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி, சிக்னல் கிடைத்து, பேசியிருக்கிறார். பேசி முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த நம்பர் கிடைக்கவில்லை.

செழியன் வண்டியைக் கிளப்பும்போதே திரையில் வழி வந்துவிட்டது. இருபத்து நாலு கிலோமீட்டர், ஐம்பத்தோரு நிமிஷம். பக்கத்துச் சீட்டில் தமிழ்மொழி ஏறி உட்கார்ந்தாள். அவள் வண்டியின் மருத்துவ உதவியாளர், தியாகதுருகத்துப் பெண். நாலு வருஷமாக இந்த வண்டியில் மலை ஏறி இறங்குகிறாள். அவளுக்கும் கடுக்காய்ப்பட்டு என்ற பெயர் புதுசாகத்தான் இருந்தது. முன்னால் இருந்த டிரைவர் அய்யனார் இப்படித் தெரியாத ஊர் என்றால் நாலு இடத்தில் நிறுத்தி விசாரித்துக்கொண்டுதான் போவார் என்று சொன்னாள். செழியன் ஆக்சிலேட்டரை மிதித்தான். விரியன் கடித்தவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது மட்டும்தான் அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

மலை ஏறி முக்கால்வாசி தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. தார் ரோடு இடதுபக்கம் வளைந்து மேலே போனது. வலதுபக்கம் ஒரு சிமெண்ட் பாதை காட்டுக்குள் இறங்கியது. திரை வலது என்றது. இன்னும் ஐந்து கிலோமீட்டர்தான்.

முனையில் ஒரு டீக்கடை. தகரக் கூரையின் கீழே, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு ஆள் நின்றார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அவரைக் கேட்டுக்கலாம்," என்றாள் தமிழ்மொழி.

"அதான் காட்டுதே. நிறுத்தினா ரெண்டு நிமிஷம் போயிடும்மா."

சைரனை அலறவிட்டு வலதுபக்கம் திருப்பினான். அந்த ஆள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. வழிவிட்டு ஒதுங்குகிறார் என்றுதான் செழியன் நினைத்தான். நினைத்தான் என்பதைவிட, அப்படி வைத்துக்கொண்டான் என்பதுதான் சரி.

சிமெண்ட் பாதை ஒரு மோட்டார் கொட்டகையோடு நின்றுபோனது. அதற்கப்புறம் செம்மண். எந்தக் காலத்திலோ மரம் ஏற்ற லாரிக்காக வெட்டின பாதை போலிருந்தது. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி வண்டியின் உடம்பை உரசிக்கொண்டு வந்தது. கொஞ்ச தூரத்தில் இடதுபக்கம் மண்மேடாக எழும்பியது. வலதுபக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. அடிமரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தலையை நீட்டவேண்டியிருந்தது. செழியன் பார்க்கவில்லை.

திரையில் சிக்னல் போய்விட்டது. ஆனால் நீலக் கோடு மட்டும் அழியாமல் இருந்தது. அம்பு அந்தக் கோட்டின்மேல் நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தைரியமாக இருந்தது. கோடு இருக்கிறதென்றால் பாதை இருக்கிறது, பாதை இருக்கிறதென்றால் ஊர் இருக்கிறது. ஒரு இடத்தில் பின்சக்கரம் வழுக்கி வண்டி வால் ஆடியது. தமிழ்மொழி மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிவிடலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திருப்ப இடமில்லை. ஒன்றரை கிலோமீட்டராக வண்டியின் அகலம்தான் பாதையின் அகலம்.

இரண்டே முக்கால் ஆகும்போது திரையிலிருந்து வழி சொல்லும் பெண்குரல் சொன்னது: "நீங்கள் சேர வேண்டிய இடம் உங்கள் வலப்பக்கத்தில் உள்ளது."

செழியன் பிரேக்கை மிதித்தான். முன்னால் பெரிய பாறை ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கப்பால் பாதையே இல்லை. வலப்பக்கம் ஒன்றுமில்லை. வெறும் காற்று, அதற்குள் மழை. கீழே பள்ளத்தில் ஓடை இரைகிற சத்தம் மட்டும் மேலே வந்தது.

மேகம் கொஞ்சம் விலகியபோது எதிர்ச்சரிவு தெரிந்தது. அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டுக் கூரையின்மேல் நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. அதன் வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஊர் அங்கேதான் இருந்தது. நேர்க்கோட்டில் அளந்தால் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. நடுவில் மலையே பிளந்து கிடந்தது.

செழியன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தான் என்று தெரியவில்லை. தமிழ்மொழி இறங்கி ஓரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.  திரும்பிப் போய்த் தார் ரோட்டைப் பிடித்து அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனைக் கேட்டாள். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒன்றரை கிலோமீட்டர் பின்னாலேயே போகவேண்டும். அதற்கே அரைமணி நேரம். அப்புறம் முனைக்கு, முனையிலிருந்து மேலே. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும் என்றான். சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

செல்போனைத் தூக்கிப் பிடித்தாள் தமிழ்மொழி. ஒரு கோடுகூட இல்லை.

அப்போதுதான் எதிர்ச்சரிவில் கூட்டம் அசைவதை அவள் பார்த்தாள். நாலு ஆட்கள் ஒரு மூங்கிலைத் தோளில் வைத்திருந்தார்கள். மூங்கிலில் கம்பளி ஒன்று தொட்டிலாகத் தொங்கியது. அதற்குள் ஒரு உருவம். அவர்கள் சரிவில் இறங்க ஆரம்பித்திருந்தார்கள். ஓடையைப் பார்த்து, அதாவது இவர்களைப் பார்த்து.

"இன்னாத்துக்கு இறங்குறாங்க? அந்தத் தண்ணியில எப்படி வருவாங்க?" என்றாள்.

செழியன் ஓரத்துக்கு ஓடினான். இரண்டு கையையும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினான். வராதீங்க, நாங்கள் சுற்றிக்கொண்டு வருகிறோம் என்று தொண்டை கிழியக் கத்தினான். மழையும் ஓடையும் அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டன. முன்னால் போன ஆள் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பதிலுக்குக் கையை ஆட்டினார். தொட்டில் இன்னும் வேகமாக இறங்கியது. செழியன் கையை ஆட்டியதை, சீக்கிரம் வாங்க என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள்.

வண்டி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. சைரனை நிறுத்தவேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அதைக் கேட்டுத்தான் அவர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்று அப்போது உறைத்தது. வீட்டில் அசையாமல் கிடந்தவளை அவனுடைய சத்தம்தான் வெளியே இழுத்திருக்கிறது. ஓடிப்போய் அணைத்தான். அணைத்ததும் ஓடையின் இரைச்சல் இரண்டு மடங்காகக் கேட்டது.

இனி அவர்களை மேலே ஏறச் சொல்ல முடியாது, பாதிச் சரிவுக்கு வந்துவிட்டார்கள் என்றாள் தமிழ்மொழி. அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். வண்டியில் இருந்த இழுவைக் கயிற்றையும் மடக்கு ஸ்ட்ரெச்சரையும் எடுத்துக்கொண்டு செழியன் அவள் பின்னால் இறங்கினான். அந்தச் சரிவில் பாதை என்று ஒன்றுமில்லை. வேரைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து நகர்ந்து, இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்து, எப்படியோ ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவன் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அது வலிக்கவே இல்லை.

ஓடை அகலம் முப்பது அடிகூட இருக்காது. ஆனால் தண்ணீர் காப்பிக் கலரில் புரண்டு வந்தது. சில நேரம் ஒரு கிளை முழுசாக உருண்டு போனது. எதிர்க்கரையில் தொட்டிலை இறக்கி வைத்திருந்தார்கள். வீரமுத்து யார் என்று சொல்லாமலே தெரிந்தது. கட்டையான உருவம், நரைத்த முடி. தொட்டிலின் தலைமாட்டில் குந்தி, தன் முதுகால் மழையை மறைத்துக்கொண்டிருந்தார்.

கயிற்றை வீசினார்கள். மூன்றாவது தடவைதான் எட்டியது. அந்தப் பக்கம் ஒரு மருதமரத்தில் கட்டினார்கள், இந்தப் பக்கம் ஒரு பாறையைச் சுற்றிக் கட்டினான் செழியன். கட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரோடு தண்ணீரில் இறங்கினான்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. களமருதூரில் ஏரி இருந்தது, கிணறு இருந்தது, ஆனால் அவன் கற்றுக்கொள்ளவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. நாலு அடி வைப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. காலுக்கடியில் கல் புரண்டது. கயிற்றை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டதுபோல் பிடித்தபடி, கண்ணை மூடாமல், எதிர்க்கரையில் இருந்த வீரமுத்துவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனான்.

ராணியம்மாளை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டியபோது அவள் கண் திறந்திருந்தது. வலது கணுக்கால் முழங்கால் அளவுக்கு வீங்கியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்து உதட்டோரம் கோடாக இறங்கியிருந்தது. அதை மழை கழுவக் கழுவத் திரும்பத் திரும்ப வந்தது.  அவள் செழியனையே பார்த்தாள்.

ஐந்து பேராகத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பாதி ஓடையில் முன்னால் இருந்த ஆளின் கால் ஒரு குழியில் இறங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ராணியம்மாளின் காலும் இடுப்பும் தண்ணீரில் முங்கின. அப்போதுதான் அவள் முதல்முறையாகக் குரல் எடுத்தாள். வார்த்தையாக இல்லை. ஒரே ஒரு சத்தம். செழியன் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்து மேலே தூக்கினான். விட்ட கயிறு கழுத்தில் வந்து அடித்தது. தண்ணீர் அவனைத் தள்ளியது. பின்னாலிருந்து யாரோ அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கரை ஏறினார்கள்.

மேலே வண்டிக்குப் போய்ச் சேரும்போது நாலு மணி. தமிழ்மொழி உள்ளே ஏறி, காலை அசையாமல் கட்டி, ஊசி குத்தி பாட்டிலை மாட்டினாள். மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு ஏறுவதைவிட இங்கிருந்து கீழே கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதே சரி, ரத்தம் ஏற்றவேண்டியிருக்கும் என்றாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தும் முன் செழியனைத் தனியாக ஒரு பார்வை பார்த்தாள். சீக்கிரம் என்று அர்த்தம். அவள் அதைச் சொல்லாமல் விட்டது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இனிதான் ஒன்றரை கிலோமீட்டரும் பின்னால் போகவேண்டும்.

செழியன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். கை நடுங்கியது. ஈரம் என்று நினைத்துச் சட்டையில் துடைத்தான். துடைத்த பிறகும் நடுங்கியது. பள்ளம் அவன் உட்கார்ந்திருந்த பக்கமே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் மண், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பின்னால் இரண்டு ஆட்கள் கல்லும் கிளையும் எடுத்துக்கொண்டு நின்றார்கள். வீரமுத்து உள்ளே ஏறவில்லை. மனைவி பக்கத்தில் உட்காரச் சொல்லித் தமிழ்மொழி கூப்பிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு டிரைவர் ஜன்னலுக்கு வந்தார். வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு முழத்தில் கால் வைத்து நின்றார். ஜன்னல் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"நீ கண்ணாடிய மட்டும் பாரு தம்பி. இந்தப் பக்கம் நான் பாத்துக்கிறேன். வா."

செழியன் கிளட்சை விட்டான். வண்டி பின்னால் நகர்ந்தது. வீரமுத்துவும் கூடவே பின்னால் நடந்தார். வா, வா, இன்னும் வா, இப்ப நில்லு. அவர் குரல் ஒரே சீராக இருந்தது. திரையில் சிக்னல் எங்கிருந்தோ ஒரு நொடி வந்தது போல. அந்தப் பெண்குரல் திடீரென்று, சாத்தியமான இடத்தில் யூ-டர்ன் எடுக்கவும் என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னது.

"அந்தம்மாவைக் கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொல்லு," என்றார் வீரமுத்து.

செழியன் திரையின் வயரைப் பிடுங்கினான்.

பாதி வழியில் அது நடந்தது. வளைவில் பின்சக்கரம் ஓரமாகப் போய், மண் உடைந்தது. வண்டியின் வலதுபக்கம் பின்னால் தாழ்ந்தது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டு கதவில் மோதியது. கல்லும் மண்ணும் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் விழுகிற அளவுக்குக் கீழே இவ்வளவு ஆழம் இருக்கிறதா என்று செழியன் நினைத்தான். பிரேக்கை மிதித்த கால் மரத்துப்போனது. எடுத்தால் வண்டி போய்விடும், எடுக்காவிட்டாலும் போய்விடும் என்று தோன்றியது. கதவைத் திறந்து குதித்துவிடு என்று உடம்புக்குள் ஒன்று கத்தியது. கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது.

கதவுக்கு அந்தப் பக்கம் வீரமுத்து நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தால் அவர்தான் விழுவார். அவருடைய ஒரு குதிகால் அந்தரத்தில் இருந்தது. ஆனாலும் அவர் ஜன்னல் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. செழியனின் கை கதவுப் பிடியில் இருப்பதை அவர் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார்.

"அவசரமில்ல தம்பி. பசங்க கல்லு வைக்கிறாங்க. வெச்சதும் சொல்றேன்."

அவசரமில்லையாம். உள்ளே அவர் மனைவிக்கு ஈறில் ரத்தம் வழிந்துகொண்டிருக்கிறது. செழியன் கதவுப் பிடியை விட்டுவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்னால் ஆட்கள் சக்கரத்துக்கடியில் கல்லைத் திணித்தார்கள், கிளைகளை மிதித்து இறக்கினார்கள், தோளைக் கொடுத்து முட்டினார்கள். வீரமுத்து ம் என்றார். செழியன் காலை எடுத்தான். வண்டி ஒருமுறை முனகி, உதறி, மேலே ஏறியது.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் திருப்ப இடம் கிடைத்தது. வீரமுத்து பின்னால் ஏறிக்கொண்டார். கூட வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அதற்கப்புறம் மலை இறங்கியது, கச்சிராயபாளையம் தாண்டியது, எதிரில் வந்த பஸ் ஒதுங்கியது எதுவும் செழியனுக்குச் சரியாக ஞாபகமில்லை. கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது ஐந்தே முக்கால். கடித்து நாலரை மணி நேரம் ஆகியிருந்தது.

ராணியம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். மருந்து ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. கிட்னியை விஷம் பாதித்திருக்கிறது, டயாலிசிஸ் பண்ணவேண்டும், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னதாகத் தமிழ்மொழி வந்து சொன்னாள். அவள் அவனைக் குறைசொல்கிற மாதிரி சொல்லவில்லை. கேட்டதை அப்படியே சொன்னாள். டீக்கடையைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை.

செழியனுக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் கல் விழுகிற சத்தம் கேட்டது. ஆனால் வெளியே வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். ஓடையில் இறங்கிப் பொம்பளையைத் தூக்கி வந்த டிரைவர் என்று கச்சிராயபாளையத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருத்தர் தோளில் தட்டினார். மாமனார் ரிஷிவந்தியத்திலிருந்து போன் பண்ணிப் பெருமையாகப் பேசினார். செழியன் பேச்சை மாற்றிப் போனை வைத்தான். தாமதத்துக்குக் காரணம் என்று அலுவலகப் படிவத்தில் எழுதவேண்டிய இடத்தில் இரண்டு நாளாக ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தான். மழை என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனான். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே சுவரோரம் வீரமுத்து குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குவாளியும் பிளாஸ்டிக் பையும். செழியனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். செழியன் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் தரையிலேயே உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிறகு ஒரே மூச்சாகச் சொன்னான்.

"அண்ணே, நான் தப்பான வழியில வந்துட்டேன். முனையில டீக்கடையில ஆள் நின்னாரு. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கூட வந்த பொண்ணு கேக்கச் சொல்லிச்சு. நான்தான் நிறுத்தலை. திரையில காட்டுதேன்னு வந்துட்டேன். ரோட்டு வழியா வந்திருந்தா மூணு மணிக்கெல்லாம் உங்க வூட்டு வாசல்ல நின்னிருப்பேன்."

 வார்டுக்குள்ளே மெஷின் ஒன்று விட்டுவிட்டுக் கூவியது.

"தெரியும்," என்றார் வீரமுத்து.

செழியன் நிமிர்ந்தான்.

"சத்தம் அந்தப் பக்கத்துக் காட்டுல கேட்டப்பவே தெரியும். அங்க ரோடு கெடையாது. சுத்தி வர நேரமாவும்னுதான் நாங்களே தூக்கிக்கினு எறங்கினோம். ஒரு வருஷமா போனைப் பாத்து வர்ற வண்டிக்கெல்லாம் அப்படித்தான் நடக்குது. உரம் ஏத்திக்கினு வந்த வண்டிகூடப் போன மாசம் அங்கதான் போயி நின்னுச்சு."

"அப்போ அன்னிக்கே ஏன் என்னை ஒண்ணும் கேக்கலை? ஒரு வார்த்தை திட்டலை?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். நடுங்கிக்கினு இருந்த. நடுங்குறவன் கையில வண்டி இருக்குது, உள்ள என் பொண்டாட்டி இருக்கா. அந்நேரத்துல இன்னான்னு திட்டுறது?" வீரமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும்தான் பயம். நீ கதவத் தொறந்துடுவியோன்னு பயம்.  சொன்னா நீ இன்னும் பயப்படுவ. அதான் பேசிக்கினே வந்தேன்."

 மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் செழியன் வந்திருந்தான். அந்த வார்த்தை இப்போது ரொம்பச் சின்னதாக இருந்தது. வீரமுத்துவும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் பிழைத்து எழுந்தால் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். அது ஆறுதலா மிரட்டலா என்று செழியனுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் பன்னிரண்டு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் படிவத்தில் எழுதினான்: வழி கேட்காமல் தவறான பாதையில் சென்றதால் தாமதம். அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள், பத்து நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பத்து நாளும் செழியன் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். கண்ணில் பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, இந்தப் பாதை எங்கே போகுது, மழை பெய்தால் வண்டி போகுமா, ஓடை எங்கே குறுக்கிடுது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினான். முதல் இரண்டு நாள் கேட்கும்போது நாக்கு ஒட்டியது. அப்புறம் பழகிவிட்டது. முனை டீக்கடையிலும் கேட்டான். சாக்குப் போட்டிருந்த அந்த ஆள் அங்கே இல்லை, கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாராம்.

ராணியம்மாள் பிழைத்துக்கொண்டாள். பதினாறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை வந்து ரத்தம் பார்க்கவேண்டும், காட்டு வேலை ஆறு மாதத்துக்கு ஆகாது என்றார். செழியன் அன்று திரும்ப வேலையில் சேர்ந்திருந்தான். அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வண்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். தார் ரோட்டில் கடுக்காய்ப்பட்டுவரைக்கும் அவனுக்கு இப்போது ஒவ்வொரு வளைவும் தெரியும். அவளை அவள் வாசலிலேயே இறக்கிவிடவேண்டும் என்று மனசில் வைத்திருந்தான்.

வீரமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு ராணியம்மாள் படி இறங்கி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். புருஷன் காதில் என்னவோ சொன்னாள். அவர் திரும்ப ஏதோ சொன்னார். அவள் தலையை அசைத்தாள். அவள் விரல்கள் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததைச் செழியன் பார்த்தான்.

வீரமுத்து தனியாக அவனிடம் வந்தார்.

"தப்பா நெனைக்காத தம்பி. அவ இதுல ஏற மாட்டேங்குறா. அன்னிக்கு வண்டி சாஞ்சது, கல்லு வுழுந்தது, அது மட்டும்தான் அவளுக்கு ஞாபகமிருக்குது. பஸ்ஸுல போயிக்கிறோம்."

செழியன் சரி என்றான். வண்டியைப் பூட்டிவிட்டு அவர்களுடைய பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டான். ராணியம்மாள் மெதுவாகத்தான் நடந்தாள். அவளுக்குச் சற்றுப் பின்னாலேயே, அவள் கண்ணில் படாமல் நடந்து, ஆட்டோ பிடித்து, தானும் ஆட்டோக்காரர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரைக்கும் போனான். மலைக்குப் போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாக இருந்தது. வீரமுத்து அவளை உள்பக்கம் உட்காரவைத்துவிட்டு, மலை ஏறும்போது பள்ளம் தெரிகிற ஜன்னல் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டார். செழியன் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான்.